ஃபைட்டர் மீன் குஞ்சுகள் நீந்தத் தொடங்கியதும் செத்துப்போகின்றன, என்ன செய்வது?

மாடித்தொட்டி:
வணக்கம், சென்னையிலிருந்து எழுதுகிறேன். ஃபைட்டர் ஜோடி நன்றாகவே சேர்கிறது. ஆண் தெர்மாகோல் துண்டுக்கு அடியில் நுரைக்கூடு கட்டி, முட்டைகளை வாயால் பொறுக்கி அதில் ஒட்டுகிறது. முட்டையிட்டு முடிந்ததும் பெண்ணை எடுத்துவிடுகிறேன். ஓரிரு நாளில் பொரித்து, நுரைக்குக் கீழே குஞ்சுகள் வால் தொங்க நிற்கும். அவை படுக்கைவாட்டில் நீந்த ஆரம்பித்ததும் ஆணையும் எடுத்துவிடுகிறேன். அதற்கப்புறம் நாலைந்து நாளில் எல்லாம் செத்துத் தொட்டியின் அடியில் கிடக்கின்றன. அவித்த மஞ்சள் கருவைக் கரைத்துக் காலை மாலை சொட்டு விடுகிறேன். தண்ணீர் அரையடிக்கும் குறைவு, ஃபில்டர் இல்லை. ஒவ்வொரு முறையும் இதே கதி. மனசே விட்டுப்போகிறது.

கொளத்தூர் பக்கம்:
தம்பி, தொட்டியை முகர்ந்து பாருங்கள், நாற்றம் வருகிறதா? பக்கவாட்டில் டார்ச் அடித்துக் குஞ்சின் வயிற்றையும் பார்த்துச் சொல்லுங்கள்.

மாடித்தொட்டி:
லேசாக நாற்றம் இருக்கிறது அண்ணா. வயிறு ஒட்டிப்போய்த் தலை மட்டும் பெரிதாகத் தெரிகிறது.

கொளத்தூர் பக்கம்:
அப்படியென்றால் பசிதான். ஃபைட்டர் குஞ்சு அசைவதைத்தான் குறிபார்த்துக் கொத்தும். மஞ்சள் கரு அசையாமல் அடியில் படிந்து அழுகுகிறது. குஞ்சும் பட்டினி, தண்ணீரும் கெடுகிறது. இன்றைக்கே அதை நிறுத்துங்கள்.

முதல் சில நாளைக்கு இன்ஃப்யூசோரியா, அதாவது தண்ணீரில் வாழும் மிக நுண்ணிய உயிர்கள், வேண்டும். பழைய தொட்டித் தண்ணீரில் ஒரு துண்டு வாழைப்பழத்தோலைப் போட்டு வெளிச்சத்தில் வையுங்கள். முதலில் பால்போலக் கலங்கி நாறும், அந்த நிலையில் ஊற்றக் கூடாது. சில நாளில் தெளிந்து, கண்ணாடி டம்ளரில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால் தூசி மாதிரி புள்ளிகள் ஊர்வது தெரியும். அதுதான் பதம். அதனால் ஜோடி சேர்ப்பதற்கு ஒரு வாரம் முன்பே இதைப் போட்டுவிட வேண்டும். குஞ்சு பொரித்த பிறகு தீனி தேடினால் கட்டாயம் பிந்திவிடும்.

அடுத்தது ஆர்ட்டீமியா, அதாவது உப்புத்தண்ணீரில் வாழும் குட்டி இறால் வகை. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் கல்லுப்பு, கால் ஸ்பூன் ஆர்ட்டீமியா முட்டை, ஏர் பம்பு ஓட வேண்டும். நம் ஊர்ச் சூட்டில் 24 மணி நேரத்தில் பொரிந்துவிடும். காற்றை நிறுத்தினால் ஓடு மேலே மிதக்கும், உயிருள்ளவை வெளிச்சம் இருக்கும் பக்கம் கூடும். அவற்றை மட்டும் டியூபில் உறிஞ்சி, துணியில் வடித்து, நல்ல தண்ணீரில் அலசிப் போடுங்கள்.

வேலூர் மீன்கூடம்:
தங்கமீன் குஞ்சுகளை நான் மஞ்சள் கருவிலேயே வளர்த்திருக்கிறேனே?

கொளத்தூர் பக்கம்:
தங்கமீன் குஞ்சு கிடைத்ததை மேயும் சார், தண்ணீரும் அடிக்கடி மாற்றுவோம். இவை அப்படி இல்லை.

கயல்:
தொட்டிக்கு மூடி இருக்கிறதா தம்பி? மூன்று, நான்கு வார வாக்கில் மேலே வந்து காற்றைக் குடிக்கும் உறுப்பு வளரும். அந்தச் சமயத்தில் தண்ணீருக்கு மேலே உள்ள காற்று வெதுவெதுப்பாக ஈரமாக இருக்க வேண்டும். ஃபேன் காற்று நேராகப் படும் இடத்தில் திறந்த தொட்டியை வைக்காதீர்கள். தண்ணீர் மாற்றும்போது ஏர் டியூபின் நுனியில் மெல்லிய துணி கட்டி அடிக்கசடை மட்டும் இழுங்கள். புதுத் தண்ணீர் குளோரின் போனதாக, அதே சூட்டில், சொட்டுச் சொட்டாக இறங்கட்டும்.

மாடித்தொட்டி:
நன்றி அக்கா, நன்றி அண்ணா. நீங்கள் சொன்னபடியே எல்லாம் செய்தேன். புதுக் குஞ்சுகள் ஆர்ட்டீமியா தின்கின்றன, டார்ச் வெளிச்சத்தில் வயிறு ஆரஞ்சு நிறத்தில் உருண்டையாகத் தெரிகிறது! ஆண்களை எப்போது பிரிப்பது?

கொளத்தூர் பக்கம்:
ரொம்ப சந்தோஷம். இரண்டு மாத வாக்கில் செவுளை விரித்துச் சண்டைக்கு நிற்கும். அப்படி நிற்பதை மட்டும் தனித்தனி பாட்டிலுக்கு மாற்றினால் போதும். மற்றவை சேர்ந்தே வளரட்டும், பெரிய தொட்டியில் சீக்கிரம் தேறும்.