வாகாட்டிப்பு ஏரியில் கயாக்: போய் வந்தவர்கள் வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. ஜனவரியில் நியூசிலாந்து குயின்ஸ்டவுனுக்கு நாங்கள் ஐந்து பேர் போகிறோம். அப்பாவுக்கு 68 வயது, நீச்சல் தெரியாது. மகனுக்கு 12. நகராட்சி நீச்சல் குளத்தில் நன்றாக நீந்துவான், வாகாட்டிப்பு ஏரியில் கயாக் (சிறு துடுப்புப் படகு) ஓட்டியே ஆக வேண்டும் என்கிறான்.

எனக்குப் பயம் அதன் ஆழமும் குளிரும்தான். பனியாறு குடைந்த பள்ளம் அது. சுமார் 380 மீட்டர் ஆழம். நீர்மட்டமே கடலுக்கு மேல் 310 மீட்டரில்தான் இருக்கிறது என்பதால், ஏரியின் அடி கடல்மட்டத்துக்கும் கீழே போய்விடுகிறது! கோடையிலும் தண்ணீர் ஜில்லென்றுதான் இருக்குமாம். படகு கவிழ்ந்தால் அந்தக் குளிரில் மூச்சு திணறுமே, குளத்தில் பழகிய பிள்ளை தாங்குவானா?

ஃபிராங்க்டன் பக்கம் நீளும் ஏரியின் கிளை கொஞ்சம் அமைதியானது என்கிறார்கள். குழந்தைகளோடு அங்கே ஓட்டியவர்கள் இருக்கிறீர்களா? காற்று காலையில் குறைவா, மாலையிலா? வெட்சூட் (தண்ணீரில் குளிர் தாங்கும் உடை) வாடகைக்குக் கிடைக்குமா, 12 வயது அளவில்? வழிகாட்டியோடு போவதுதான் நல்லது என்று நினைக்கிறேன், உங்கள் அனுபவம் என்ன?

அப்பாவை 1912-இல் கட்டிய எர்ன்ஸ்லா நீராவிக் கப்பலில் ஏற்றலாம் என்றிருக்கிறேன். இன்றும் நிலக்கரியில் ஓடுகிறது. அப்பா ரயில்வேயில் வேலை பார்த்தவர், எஞ்சினைப் பார்த்தாலே பூரித்துப்போவார். ஏறி இறங்கப் படி அதிகமா? முழங்கால் வலி உண்டு.

தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். அடுத்த வாரம் முன்பதிவு செய்ய வேண்டும்.