மறு: பாயின்ட் டூ டூ தோட்டாவுக்குத் தமிழ்ப் பெயர் – ‘விளிம்படி’ சரிப்படுமா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

மூன்று நாளாக இந்த இழையை ஒரு வரி விடாமல் படித்துவருகிறேன். பாயின்ட் டூ டூ (.22 அங்குல) துப்பாக்கித் தோட்டாவின் வகைப்பெயரான ரிம்ஃபயர் என்ற ஒற்றை ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் தேடி இத்தனை பேர் நேரம் ஒதுக்கி எழுதியது மனதுக்கு நிறைவாக இருக்கிறது. கேள்வி கேட்டவன் நான் என்பதால் என் கருத்தையும் காரணத்தோடு வைத்துவிடுகிறேன். மடல் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சொல் எனக்கு எதற்கு என்று முதலில் சொல்ல வேண்டும். வார இறுதியில் பழைய சுவா சூ காங் சாலையில் உள்ள சுடுதளத்துக்குப் போகிறவன் நான். சிங்கப்பூரில் துப்பாக்கியை வீட்டுக்குக் கொண்டுவந்து கழற்றி மாட்டுகிற பேச்சே கிடையாது. சுட்டு முடித்ததும் அது பூட்டிய அறைக்குள் போய்விடும். ஆனால் என் அக்காவும் அத்தானும் ஆஸ்திரேலியாவில், நியூ சவுத் வேல்ஸில் இருக்கிறார்கள். அத்தான் உரிமம் வைத்திருக்கிறார். பழைய பாயின்ட் டூ டூ துப்பாக்கிகளைத் தேடி வாங்கி, பழுதுபார்த்து, சுட்டும் பார்ப்பவர். லித்கோ ஆலையின் ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கி, பர்மிங்காமில் செய்த பிஎஸ்ஏ மார்ட்டினி என்று ஏழெட்டு வைத்திருக்கிறார். ஜூன் விடுமுறையில் அவர் பட்டறையில் உட்கார்ந்து எழுதிவந்த குறிப்புகளைத் தமிழில் கட்டுரையாக்கப் பார்த்தேன். முதல் பத்தியிலேயே சொல் கிடைக்காமல் நின்றுவிட்டேன்.

பெயர் வைக்கும் முன் பொருளைக் கையில் எடுத்துப் பார்த்துவிடுவோம்.

பாயின்ட் டூ டூ தோட்டாவின் கூடு மெல்லிய பித்தளை. அதன் அடியில் தகடு வெளிப்பக்கம் மடிந்து ஒரு விளிம்பாகச் சுற்றி நிற்கும். அந்த மடிப்புக்குள் சிறு குடைவு உண்டு. அடிபட்டால் பற்றிக்கொள்ளும் மருந்தை ஈரமாகக் கூட்டுக்குள் இட்டுச் சுழற்றுவார்கள். சுழலும் வேகத்தில் அது அந்தக் குடைவுக்குள் வளையமாகப் போய் அடங்கும். காய்ந்த பிறகு மேலே வெடிமருந்து, அதன் மேல் ஈயக் குண்டு. துப்பாக்கியின் ஊசி கூட்டின் நடுவில் அடிக்காது, ஓரத்தில் அடிக்கும். (நடுவில் அடிக்கும் மற்ற வகைக்கு ஆங்கிலத்தில் சென்டர்ஃபயர் என்று பெயர்.) ஊசிக்கும் தோட்டா அறையின் எஃகு ஓரத்துக்கும் நடுவே விளிம்பு நசுங்கும், மருந்து பற்றும், குண்டு கிளம்பும். சுட்ட கூட்டைத் திருப்பிப் பார்த்தால் ஓரத்தில் ஒரு சின்னப் பள்ளம் தெரியும், கொழுக்கட்டை மாவில் நகம் பட்டது போல. அத்தானின் பட்டறை விளக்கடியில் அந்தப் பள்ளத்தை உருப்பெருக்கி வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பெயர் அதற்குள்தான் இருக்கிறது என்று அப்போதே பட்டது.

வரலாறு சுருக்கமாக: 1845இல் பிரான்ஸின் ஃப்ளோபேர் தொடங்கிவைத்த முறை இது. 1857இல் ஸ்மித் அண்டு வெஸ்ஸன் கைத்துப்பாக்கியில் இடம்பிடித்தது. இன்று உலகம் முழுக்கச் சுடும் ‘லாங் ரைஃபிள்’ என்ற பாயின்ட் டூ டூ தோட்டா வகை 1887இல் வந்தது.

இனி வந்த பரிந்துரைகளுக்கு வருகிறேன்.

> ஜூரோங் அண்ணன் எழுதியது: ‘விளிம்புத்தீ’ என்றால் எல்லாருக்கும் புரியும், அழகாகவும் இருக்கிறது.

அழகாக இருக்கிறது அண்ணே, மறுக்கவில்லை. ஆனால் ஆங்கிலச் சொல்லில் உள்ள ‘ஃபயர்’ நெருப்பைச் சொல்ல வரவில்லை, சுடுவதைச் சொல்கிறது. காட்டுத்தீ, காமத்தீ என்று பழகிய நமக்கு விளிம்புத்தீ என்றதும் எதன் ஓரத்திலோ தீப்பற்றி எரிகிற காட்சிதான் வரும். தெரியாத ஒருவர் கையில் இந்தச் சொல்லைக் கொடுத்தால் தோட்டா வரைக்கும் வந்துசேர மாட்டார்.

> கோவை ஐயா எழுதியது: விளிம்பு வெடிப்புத் தோட்டா, மைய வெடிப்புத் தோட்டா. நேரடியானது, குழப்பமில்லை.

ஐயா, இதை மட்டும் கண்டிப்பாக வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். விளிம்பு வெடிப்பு என்று உண்மையிலேயே ஒரு பழுது இருக்கிறது. சென்ற ஆண்டு அதை நேரில் பார்த்தேன். அத்தான் ஏலத்தில் எடுத்த ஒரு பழைய துப்பாக்கி. நிறைய உழைத்துத் தேய்ந்தது. போல்ட்டுக்கும் (தோட்டா அறையைப் பின்னாலிருந்து மூடும் எஃகுத் துண்டு) அறையின் ஓரத்துக்கும் நடுவில் இருக்க வேண்டியதைவிட இடைவெளி கூடிப்போயிருந்தது. அளந்து பார்ப்பதற்கு முன்பே ஒரு தோட்டாவைச் சுட்டுப் பார்த்தோம், அது எங்கள் தப்பு. பின்னால் தாங்கல் இல்லாததால் விளிம்பு கிழிந்து, புகையும் பித்தளைத் துணுக்கும் பின்பக்கமாக வந்து அத்தானின் கண்ணாடியில் அடித்தன. பாதுகாப்புக் கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது. அன்று அக்கா இரண்டு பேரோடும் பேசவில்லை. விளிம்பு வெடிப்பு என்ற சொல்லை அந்தப் பழுதுக்கே விட்டுவைப்போம். நன்றாக இருக்கிற தோட்டாவுக்கு அதையே பெயராக வைத்தால், நாளைக்குத் தமிழில் எழுதிய ஓர் எச்சரிக்கையை யார் படித்தாலும் தடுமாறுவார்கள்.

> பினாங்கு அக்கா எழுதியது: தீபாவளிப் பொட்டு வெடியை நினைத்துப் பாருங்கள். விளிம்புப்பொட்டு, நடுப்பொட்டு என்று வைக்கலாமே?

அக்கா, இந்தச் சொல்லைப் படித்ததும் எழுந்து நின்றுவிட்டேன். இங்கே 1972இல் பட்டாசுக்குத் தடை வந்தது. அதனால் எங்கள் தலைமுறைச் சிங்கப்பூர்ப் பிள்ளைகளுக்குத் தீபாவளி என்றால் கம்பி மத்தாப்புதான். பொட்டு வெடியை நான் பார்த்தது ஆறாவது வயதில், பாட்டியின் ஊரான மன்னார்குடிப் பக்கத்தில். தகரத் துப்பாக்கியில் சிவப்புப் பொட்டை வைத்துக் குதிரையை இழுத்து அடித்தால் ‘டப்’ என்று ஒரு சத்தம், கந்தக வாசனை. ஆங்கிலத்தில் பிரைமர் என்பது அதேதான். தட்டினால் பற்றும் துளி மருந்து. அதற்குப் ‘பொட்டு’ என்றே வைத்துக்கொள்வோம். இதைவிட நல்ல சொல் தேடினாலும் கிடைக்காது. இராணுவத் தோட்டாவின் அடியில் நடுவாக வட்டமாகப் பதித்திருப்பது பார்ப்பதற்கே பொட்டுதான்.

சிக்கல் விளிம்புப் பக்கம் வருகிறது. பாயின்ட் டூ டூவில் பொட்டே கிடையாது. மருந்து விளிம்பு முழுக்க வளையமாகப் படிந்திருக்கிறது. வளையத்தில் ஓரிடத்தில் மருந்து சரியாகப் படியாமல் போனால், ஊசி அங்கே அடித்தும் தோட்டா வெடிக்காது. குழலை இலக்கின் பக்கமே பிடித்துக்கொண்டு சிறிது நேரம் காத்திருந்து, பிறகு எடுத்து, தோட்டாவைக் கொஞ்சம் சுற்றி வைத்து மறுபடி அடித்தால் பெரும்பாலும் வெடித்துவிடும். மருந்து வேறு இடத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். இப்படிச் சுற்றி வைக்கிற வேலை பொட்டு என்ற சொல்லுக்குள் அடங்க மாட்டேன் என்கிறது.

அதனால்தான் ஊசி அடிக்கும் இடத்தை வைத்தே பெயர் சொல்லலாம் என்று நினைக்கிறேன். விளிம்பு + அடி = விளிம்படி. நடு + அடி = நடுவடி. முன்னதில் குற்றியலுகரம் கெடுகிறது, பின்னதில் வகரம் வருகிறது. புணர்ச்சியில் ஒரு நெருடலும் இல்லை. விளிம்படித் தோட்டா, நடுவடித் தோட்டா, விளிம்படித் துப்பாக்கி.

‘அடி’ என்றால் கீழ்ப்பகுதி என்றும் பொருள் வருமே என்று கேட்கலாம். வரட்டும். கூட்டின் அடியில் உள்ள விளிம்பு என்று ஒருவர் எடுத்துக்கொண்டாலும் சரியான இடத்தில்தான் போய் நிற்பார். ஊசி விளிம்பில் அடிப்பது என்று எடுத்துக்கொண்டாலும் அதே இடம். இரண்டு பொருளும் ஒரே பள்ளத்தில் வந்து சேர்வது எனக்குப் பெரிய பலமாகத் தெரிகிறது. இதற்கு முன்னோடியும் உண்டு: உறியடி. உறியை அடிப்பது உறியடி, விளிம்பை அடிப்பது விளிம்படி. எந்தக் கிராமத்துப் பிள்ளைக்கும் புரியும் கட்டுமானம்.

தேசிய சேவை செய்தவர்களுக்கு வேறுபாட்டை இப்படிச் சொல்லலாம். நம் இராணுவத்தின் எஸ்ஏஆர் 21 துப்பாக்கியின் குழல் அளவு 5.56 மி.மீ. பாயின்ட் டூ டூவும் ஏறக்குறைய அதே அளவு, 5.6 மி.மீ. ஆனால் முன்னது நடுவடி. கெட்டியான கூடு, 4 கிராம் குண்டு, ஒலியைப் போல இரண்டரை மடங்குக்கு மேல் வேகம். பின்னது விளிம்படி. 2.6 கிராம் ஈயம், போட்டித் தோட்டாவென்றால் ஒலியின் வேகத்துக்குச் சற்றுக் கீழே. ஊசி நசுக்க வேண்டும் என்பதற்காகவே விளிம்படிக் கூட்டின் ஓரம் மெல்லியதாக இருந்தாக வேண்டும். மெல்லிய கூடு அதிக அழுத்தம் தாங்காது. அடிக்கும் இடம் எது என்பதே தோட்டாவின் பலத்தைத் தீர்மானித்துவிடுகிறது. பெயரும் அந்த இடத்தைச் சொல்வதுதான் பொருத்தம்.

ஒரு சொல் சரியாக அமைந்தால் அதன் உறவுக்காரச் சொற்களும் தானாக வந்து நிற்க வேண்டும். தோட்டா இல்லாமல் விசையை அழுத்துவதை டிரை ஃபயர் என்கிறோம். அதற்கு வெற்றடி. ஃபயரிங் பின்னுக்கு அடியூசி. இப்போது அத்தான் எனக்குச் சொன்ன முதல் பாடத்தைத் தமிழில் எழுதிப் பார்க்கிறேன்: ‘பழைய விளிம்படித் துப்பாக்கியில் வெற்றடி அடிக்காதே. நடுவடியில் அடியூசி வெறும் வெளியில் போய் நிற்கும். விளிம்படியில் அது நேராக அறையின் எஃகு ஓரத்தில் போய் மோதும்.’ எங்கேயும் இடறவில்லை.

அந்த மோதலின் வடுவையும் பார்த்திருக்கிறேன். லித்கோ ஒன்றின் அறை வாயில், முந்தைய சொந்தக்காரர் யாரோ ஆயிரம் முறை வெற்றடி அடித்ததில், ஓரம் உள்பக்கமாகப் பிதுங்கித் தோட்டா உள்ளே போக மறுத்தது. அத்தான் அரத்தைத் தொடவே இல்லை. கூம்பிய எஃகுக் கோல் ஒன்றை எண்ணெய் தடவி உள்ளே விட்டு, மெதுவாகத் திருப்பித் திருப்பி, பிதுங்கிய உலோகத்தை அது வந்த இடத்துக்கே தள்ளினார். அரைமணி நேரம் பிடித்தது. தோட்டா வழுக்கிக்கொண்டு உள்ளே போனபோது இருவருக்கும் வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

இது சேகரிப்பாளர்களுக்கு மட்டும் தேவைப்படும் சொல்லும் இல்லை. 2018இல் கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் விளையாட்டில் நம் மார்ட்டினா வெலோசோ 50 மீட்டர் படுத்துச் சுடும் பிரிவில் தங்கம் வென்றார். அவர் கையில் இருந்தது விளிம்படித் துப்பாக்கி. பாரிஸில் 2024இல் இந்தியாவின் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்றதும் விளிம்படியில்தான். இலக்கின் பத்துப் புள்ளி வட்டம் 10.4 மி.மீ. தான், அதை 50 மீட்டரிலிருந்து அடிக்கிறார்கள். இப்படிப்பட்ட ஆட்டத்தைப் பற்றிப் பிள்ளைகளுக்குத் தமிழில் சொல்லச் சொல் வேண்டாமா?

என் கட்டுரையில் விளிம்படி, நடுவடி, பொட்டு, அடியூசி, வெற்றடி ஐந்தையும் போட்டு எழுதத் தொடங்கிவிட்டேன். பொட்டு பினாங்கு அக்காவின் கொடை என்று கட்டுரையிலேயே குறிப்பிடுவேன்.

இன்னும் ஒன்று மட்டும் பிடிபடவில்லை. மேலே சொன்ன அந்த இடைவெளி, போல்ட் முகத்துக்கும் அறை ஓரத்துக்கும் நடுவே விளிம்பு உட்காரும் இடம். விளிம்படியில் அது 1.1 மி.மீ. அளவுதான். அதிகமானால் விளிம்பு வெடிப்பு, குறைந்தால் போல்ட் மூடாது. ‘இடைவெளி’ என்று சொன்னால் ரொம்பப் பொதுவாகப் போகிறது. ‘விளிம்பிடம்’ என்று எழுதிப் பார்த்தேன், ஆனால் நடுவடிக்கு அது பொருந்தவில்லை. கோவை ஐயா பட்டறை ஊர்க்காரர். அங்கே கடைசல்காரர்கள் இப்படிப்பட்ட அளவுக்கு என்ன சொல் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டு எழுத முடியுமா?