மின்தடை ஏணியா, டெல்டா-சிக்மாவா?

செவிவேள்: என் பழைய மியூசிக் பிளேயரில் டெல்டா-சிக்மா வகை டாக் (டிஜிட்டல் எண்களை ஒலிக்கான மின்னழுத்தமாக்கும் சுற்று). புதியதில் ஆர்-2ஆர் ஏணி, அதாவது மின்தடைகளை ஏணிபோல் அடுக்கிய டாக். அதையும், பதிவான ஒலி அளவுகளுக்கு (மாதிரிகளுக்கு) நடுவே புதியவற்றைக் கணக்கிட்டு நிரப்பும் ஓவர்சாம்பிளிங் வடிகட்டியை அணைத்துவிட்டு, என்ஓஎஸ் (ஓவர்சாம்பிளிங் இல்லாத) நிலையில்தான் கேட்கிறேன். வயலினின் கூர்மை தணிந்து, வில் தந்தியில் உரசுவது காதருகே கேட்கிறது. ஏணி ஒவ்வொரு மாதிரியின் 16 பிட்டையும் உள்ளபடியே மின்னழுத்தமாக்குகிறது. இதைவிட நேர்மையான வழி உண்டா?

அலைமகன்: உண்டு. 16 பிட் என்றால் 65,536 படிகள். தலைப் பிட்டின் (மிகப் பெரிய மதிப்புள்ள பிட்டின்) எடை 0.003 சதவீதம் பிசகினாலே ஒரு முழுப் படி தவறிவிடும். அதுவும் எங்கே? அலை பூஜ்யத்தைக் கடக்கும்போது, எல்லாச் சுவிட்சுகளும் ஒரே கணத்தில் புரளும் இடத்தில். மெல்லிய இசை முழுவதும் அங்கேதான் இருக்கிறது! டெல்டா-சிக்மா ஒருசில பிட்டுகளோடு பன்மடங்கு வேகத்தில் ஓடி, பிட்டுகள் குறைவதால் வரும் இரைச்சலைக் காதுக்கு எட்டாத அதிர்வெண்களுக்குத் தள்ளிவிடுகிறது.

செவிவேள்: அது பழைய ஏணியின் குறை. மேல்பாதி அலைக்கு ஒன்று, கீழ்பாதிக்கு ஒன்று என்று இரட்டை ஏணி வைத்தால் பூஜ்யத்தில் அந்தப் புரளலே இல்லை. எனக்குத் தெளிவாகக் கேட்கும் வித்தியாசம் பொய்யா?

அலைமகன்: இரட்டை ஏணியை ஒப்புக்கொள்கிறேன். வித்தியாசமும் மெய்தான். ஆனால் அது வடிகட்டியை அணைத்ததால் வந்தது. 44.1 கிலோஹெர்ட்ஸ் மாதிரிகளை, அடுத்தது வரும்வரை அப்படியே பிடித்து நிறுத்தினால் 10 கிலோஹெர்ட்ஸில் முக்கால் டெசிபலும் 20 கிலோஹெர்ட்ஸில் 3.2 டெசிபலும் ஒலி தாழும். கூர்மை தணியாமல் என்ன செய்யும்? 10 கிலோஹெர்ட்ஸ் சைன் அலையை ஆசிலாஸ்கோப்பில் பார்த்திருக்கிறேன். ஒரு சுற்றுக்கு நான்கு சொச்சம் மாதிரிகள்தான். வடிகட்டி இல்லாதபோது திரையில் கோணல்மாணலான படிகள். போட்டதும் வழவழப்பான சைன். அந்த நான்கு புள்ளிகளில் முழு அலையும் அடங்கியிருக்கிறது, ஐயா. வடிகட்டி அதை வெளியே எடுக்கிறது.

நடுநாதம்: இருவருமே பிளேயரின் வெளியீட்டு மின்மறுப்பை (மாறுமின்னோட்டத்துக்கு அது காட்டும் தடையை) மறந்துவிட்டீர்கள். செவிவேள், உங்கள் இயர்போனில் எத்தனை டிரைவர் (ஒலியெழுப்பி)?

செவிவேள்: ஐந்து.

நடுநாதம்: அப்படியானால் அதன் மின்மறுப்பு ஓர் அதிர்வெண்ணில் 8 ஓம், வேறொன்றில் 40 ஓம் என்று ஏறி இறங்கலாம். பிளேயரின் வெளியீடு 10 ஓம் என்றால் அவ்விரண்டு அதிர்வெண்களுக்கும் நடுவே 5 டெசிபல் வேறுபாடு. 1 ஓம் என்றால் 1 டெசிபலுக்கும் குறைவு. இதில் டாக் சில்லுக்குப் பங்கே இல்லை.

செவிவேள்: என் பிளேயரின் கையேட்டில் அந்த எண்ணே இல்லை. சரி, வடிகட்டியைப் போட்டு, மின்னழுத்தம் அளந்து, இரண்டு பிளேயர்களையும் 0.1 டெசிபலுக்குள் சமன்செய்கிறேன். மின்மறுப்பு சீராக உள்ள ஹெட்போனை இரவல் வாங்கிக்கொள்கிறேன். எது எதுவென்று சொல்லாமல் என் தம்பி மாற்றித் தருவான். அப்போதும் ஏணியைக் கண்டுபிடித்தால் இங்கேயே வந்து வாதிடுவேன்.