கம்பெனி 1600, ஜேம்ஸ்டவுன் 1607: இங்கிலாந்து இதை எங்கே கற்றுக்கொண்டது?

வியாசர்பாடி_வாசகன்:
பத்தாவது படிக்கும் என் மகள் நேற்று ராத்திரி கேட்ட கேள்வி இது. கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சாசனம் கிடைத்தது 1600 டிசம்பர் 31. அமெரிக்காவில் ஜேம்ஸ்டவுன் குடியேற்றம் 1607. இந்தப் பக்கம் கிடங்கு போட்டு வியாபாரம், அந்தப் பக்கம் நிலத்தையே எடுத்துக்கொண்டு குடியேற்றம். "ஒரே நாடு எப்படிப்பா ரெண்டு மாதிரி நடந்துச்சு? அடுத்தவங்க ஊர்ல போய் உட்கார எங்கே கத்துக்கிட்டாங்க?" என்றாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

ஃபாயில்_கரை:
பக்கத்துத் தீவில்தான் அண்ணா, அயர்லாந்தில். நான் டெரி ஊரில் நர்ஸாக இருக்கிறேன். லீவு நாளில் இந்த ஊர் மதில் மேல் ஒரு சுற்று நடப்பேன், சுமார் ஒன்றரை கிலோமீட்டர். 1613க்கும் 1619க்கும் இடையில் கட்டியது, இன்னும் முழுசாக நிற்கிறது. 1607இல் அல்ஸ்டர் பகுதியின் (அயர்லாந்தின் வடக்கு, டெரியும் இதில்தான்) ஐரிஷ் தலைவர்கள் கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போய்விட்டார்கள். இங்கிலாந்து அரசர் ஜேம்ஸ் அந்தத் தலைவர்களின் நிலத்தைப் பறிமுதல் செய்து, டெரியையும் சுற்றுப்புறத்தையும் லண்டன் வணிகச் சங்கங்களின் தலையில் கட்டினார். மீன் வியாபாரிகள், உப்பு வியாபாரிகள், துணி வியாபாரிகள் என்று ஆளுக்கொரு பங்கு. ஊர்ப்பெயருக்கு முன்னால் லண்டனைச் சேர்த்ததும் அப்போதுதான். இன்றைக்கும் சாலைப் பலகைகளில் அந்த 'லண்டன்' மேல் யாராவது பெயின்ட் பூசிவிடுவார்கள். டெரி என்கிறோமா, லண்டன்டெரி என்கிறோமா என்பதை வைத்தே ஐரிஷ் பக்கமா, பிரிட்டிஷ் பக்கமா என்று ஆளை எடை போடுவார்கள்.

உங்கள் மகள் கவனிக்க வேண்டியது ஆட்களை. ஹம்ஃப்ரி கில்பர்ட் 1569இல் அயர்லாந்தின் தெற்கே மன்ஸ்டர் பகுதியில் ஆங்கிலேயப் படைத்தலைவர். தன் கூடாரத்துக்கு வரும் வழியின் இருபுறமும் வெட்டிய தலைகளை வரிசையாக வைத்தவர். அதை எழுதியவரும் ஓர் ஆங்கிலேயர்தான், அதுவும் அவரைப் புகழ்ந்து. இதே கில்பர்ட்தான் 1583இல் வட அமெரிக்காவின் நியூஃபவுண்ட்லாந்தில் இறங்கி, அது ராணி எலிசபெத்துக்குச் சொந்தம் என்று அறிவித்தார். அவருடைய தம்பி முறை வால்டர் ராலி. மன்ஸ்டரில் அவருக்குக் கிடைத்தது 40,000 ஏக்கருக்கு மேல். 1585இல் அமெரிக்கக் கரையோர ரோனோக் தீவுக்குக் குடியேற ஆள் அனுப்பியதும் அவரே. அங்கே ஆளுநராகப் போன ரால்ஃப் லேன், அயர்லாந்துப் பணியிலிருந்து கூப்பிட்டு அனுப்பப்பட்டவர். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

மசூலா_படகு:
சகோதரி சொல்வது மேற்குக்குப் பொருந்தும். கிழக்கில் கதை வேறு. 1601இல் ஜேம்ஸ் லங்காஸ்டர் தலைமையில் புறப்பட்ட முதல் கப்பல்கள் இந்தியாவுக்கே வரவில்லை. இன்றைய இந்தோனேசியாவின் அச்சே, பாண்டம் என்று மிளகு தேடிப் போயின. வெயிலூரில் இங்கிலாந்துக் கம்பளியை யார் வாங்குவார்கள்? அங்கே கேட்டது சோழமண்டலத் துணி. அதற்காகத்தான் 1611இல் மசூலிப்பட்டினம், அப்புறம் 1639இல் கம்பெனி அதிகாரி பிரான்சிஸ் டே உள்ளூர் நாயக்கத் தலைவர் தாமர்ல வெங்கடாத்ரியிடம் மதராஸப்பட்டினத்து மணல்மேட்டை வாங்கியது. இங்கே பெரிய அரசுகள் இருந்தன. கேட்டுத்தான் வாங்க முடிந்தது, பிடுங்கும் பலம் அப்போது கிடையாது.

ஃபாயில்_கரை:
அது சரிதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பணம் போட்டவர்களைப் பாருங்கள். கம்பெனியின் முதல் கவர்னர் தாமஸ் ஸ்மித் என்ற லண்டன் வணிகர். ஜேம்ஸ்டவுனை நடத்திய வர்ஜீனியா கம்பெனியின் பொருளாளராக, அதாவது தலைவராக, பல வருஷம் இருந்தவரும் அவரே. கிழக்கே மிளகு, மேற்கே நிலம், கணக்குப் பார்த்தது ஒரே மனிதர்.

இன்னொன்று. நான் பிறந்து வளர்ந்தது மண்ணடியில், பழைய கறுப்பர் பட்டணம். டெரி மதில் மேல் முதல்முறை நின்று கீழே எட்டிப் பார்த்தேன். மதிலுக்குள் குடியேறியவர்களின் தேவாலயம், வெளியே பள்ளத்தில் போக்சைட், ஐரிஷ் கத்தோலிக்கர்களின் குடியிருப்பு. கோட்டைக்குள் வெள்ளையர் பட்டணம், வெளியே நாங்கள் என்று பாட்டி சொன்னது அப்படியே நினைவுக்கு வந்தது.

வியாசர்பாடி_வாசகன்:
எல்லாவற்றையும் மகளிடம் படித்துக் காட்டினேன். உடனே அடுத்த கேள்வி: அந்த அல்ஸ்டர் நிலத்தில் முன்னே இருந்த ஜனங்கள் எங்கே போனார்கள்?

ஃபாயில்_கரை:
நிறையப் பேர் எங்கேயும் போகவில்லை, தம்பதிகளும் குழந்தைகளுமாக அங்கேயே இருந்தார்கள். அவர்களை வெளியேற்ற வேண்டும் என்றுதான் உத்தரவு. ஆனால் போதுமான ஆங்கிலேயர்கள் குடியேற வரவில்லை, ஐரிஷ்காரர்களோ கூடுதல் வாடகை தரத் தயாராக இருந்தார்கள். அதனால் வணிகச் சங்கங்களே அவர்களை விட்டுவைத்தன. பாட்டன் உழுத நிலத்திலேயே வாடகைக்கு உழுதார்கள். 1641 அக்டோபரில் அல்ஸ்டரில் ஐரிஷ்காரர்களின் கலகம் வெடித்தது.