வீடு மலிவு, வருமானமும் குறைவு: ஓஹாயோவின் விண்டன் கவுண்டிக்குக் குடிபெயர்வது சரியா?

வைகைக்கரை (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் கொலம்பஸ் நகரின் வடமேற்குப் புறநகரில் வாடகை வீட்டில் வசிக்கிறோம். கணவரும் நானும் கிரீன் கார்டு பெற்றவர்கள்; தொடக்கப்பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் இருவர். கணவர் ஒரு நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தபடியே கணக்கு வேலை பார்க்கிறார். ஆண்டுச் சம்பளம் 78,000 டாலர். நான் ஒரு மருந்துக்கடையில் பகுதிநேர டெக்னீஷியனாக இருக்கிறேன்.

இந்தப் பகுதியில் எங்கள் குடும்பத்துக்குப் போதுமான வீடு ஒன்றை வாங்க வேண்டுமானால் 3,60,000 டாலராவது ஆகிறது. மாநிலத்தின் தென்கிழக்கே, மலைச்சரிவும் காடும் நிறைந்த விண்டன் கவுண்டியில், 5 ஏக்கர் நிலத்தோடு நல்ல நிலையிலுள்ள வீடு ஒன்று 1,60,000 டாலருக்கு விற்பனைக்கு வந்துள்ளது. நேரில் சென்று பார்த்தோம். பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்துவிட்டது.

ஆனால் ஓஹாயோவின் 88 கவுண்டிகளில் மக்கள்தொகை மிகக் குறைந்தது அதுதான் என்பதும், மொத்தமே 13,000 பேர்கூட இல்லை என்பதும், அங்கே சம்பளங்கள் மிகவும் குறைவு என்பதும் தெரிந்தபின் தயங்குகிறோம். வருமானம் குறைவாக இருப்பதால்தான் விலையும் குறைவாக இருக்கிறது என்றால், அந்த மலிவு எங்களுக்கு உண்மையிலேயே மலிவாகுமா? வீட்டுவிலையை வருமானத்தோடு ஒப்பிடும் வழக்கமான கணக்கில் எதையெல்லாம் விட்டுவிடுகிறோம்? கிராமப்புறக் கவுண்டிகளில் வாழ்ந்த அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

ஏதென்ஸ்வாசி (பதில்):

வணக்கம் சகோதரி. நான் அதற்கு அடுத்த கவுண்டியான ஏதென்ஸில் பல ஆண்டுகளாக வசிக்கிறேன். ஓஹாயோ பல்கலைக்கழகம் இருப்பதால்தான் எங்கள் ஊருக்கு நிலையான வேலைவாய்ப்பு இருக்கிறது. விண்டன் கவுண்டிக்கு அப்படிப்பட்ட நிறுவனம் எதுவும் இல்லை. மரம் வெட்டுதல், மர அறுவை ஆலைகள், மெக்கார்தர் ஊருக்கு அருகிலுள்ள வெடிமருந்துத் தொழிற்சாலை, பள்ளிகள், கவுண்டி அலுவலகங்கள் ஆகியவற்றைத் தாண்டினால், உழைக்கும் வயதுள்ளவர்களில் பெரும்பகுதியினர் காலையில் காரை எடுத்துக்கொண்டு ஏதென்ஸுக்கோ ஜாக்சனுக்கோ சில்லிகாத்திக்கோ போகிறார்கள்.

தாங்கள் கேட்டதற்கு நேரடியாக வருகிறேன். நகரத்தில் ஒரு வீட்டுக்குக் கொடுக்கும் கூடுதல் விலையில் ஒரு பகுதி, சுவருக்கும் கூரைக்கும் கொடுப்பது அன்று. அந்த வீட்டிலிருந்து எட்டும் தூரத்தில் இருக்கும் இரண்டாவது வேலைக்கும் மூன்றாவது வேலைக்கும் கொடுப்பது. கொலம்பஸில் தங்கள் கணவரின் வேலை போய்விட்டால், வீட்டை மாற்றாமலேயே அவர் வேறு அலுவலகங்களில் முயன்று பார்க்கலாம். விண்டனில் வேலை போனால் ஒன்று நெடுந்தூரம் காரோட்ட வேண்டும், அல்லது வீட்டை விற்க வேண்டும். வாங்குவோர் குறைவாக உள்ள சந்தையில் வீட்டை நினைத்த மாதத்தில் நினைத்த விலைக்கு விற்க முடியாது. வேலை தேடும் அதே நேரத்தில் வீட்டையும் விற்க வேண்டியிருப்பது குடும்பத்தை எவ்வளவு நெருக்கும் என்பதை இந்தப் பகுதியில் நான் பலமுறை கண்டிருக்கிறேன். எனவே கணவரின் நிறுவனம் வீட்டிலிருந்து வேலை செய்யும் ஏற்பாட்டை எழுத்தில் உறுதி செய்கிறதா என்பதே முதல் கேள்வி. அது வாய்மொழி ஏற்பாடாக மட்டும் இருந்தால், கொலம்பஸுக்கு ஒரு வழிக்கு ஏறத்தாழ 70 மைல் என்பதை மனத்தில் வைத்து முடிவெடுங்கள்.

கடை, மருத்துவமனை ஆகியவற்றையும் சொல்லியாக வேண்டும். 2013-இல் அந்தக் கவுண்டியின் ஒரே பெரிய மளிகைக்கடை மூடப்பட்டது. 2017-இல்தான் மற்றொன்று திறந்தது. இடைப்பட்ட காலத்தில் காய்கறிக்கும் இறைச்சிக்கும் மக்கள் அடுத்த கவுண்டிகளுக்குப் போனார்கள். கார் இல்லாத முதியவர்கள் டாலர் கடையில் கிடைத்த டப்பா உணவை வைத்துச் சமாளித்தார்கள். கவுண்டிக்குள் மருத்துவமனை இல்லை. பிள்ளைகள் சிறியவர்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

கணக்கர் (பதில்):

நான் வரிக் கணக்குத் தொழிலில் இருப்பவன். எண்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

வருமானத்தில் 30 விழுக்காட்டுக்கு மேல் வீட்டுக்குச் செலவிடக் கூடாது என்று எல்லோரும் சொல்லும் அளவுகோல், அரசின் பொது வீட்டுவசதித் திட்டத்திலிருந்து வந்தது. 1969-இல் புரூக் திருத்தம் அங்கே வாடகையை வருமானத்தின் 25 விழுக்காட்டுக்கு வரம்பிட்டது. 1981-இல் அது 30 ஆனது. இந்த அளவுகோல் வீட்டுச் செலவை மட்டும் பார்க்கிறது, தூரத்தைப் பார்ப்பதே இல்லை. சிகாகோவிலுள்ள சென்டர் ஃபார் நெய்பர்ஹூட் டெக்னாலஜி என்ற அமைப்பு, வீட்டுச் செலவும் போக்குவரத்துச் செலவும் சேர்ந்து வருமானத்தில் 45 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று ஓர் அளவுகோலை முன்வைக்கிறது. கிராமப்புறத்துக்கு அதுவே பொருத்தமானது என்பது என் கருத்து.

தங்கள் விவரத்தையே போட்டுப் பார்ப்போம். 6.5 விழுக்காடு வட்டியில் 30 ஆண்டுக் கடனாக 3,40,000 டாலர் வாங்கினால் மாதத் தவணை ஏறத்தாழ 2,150 டாலர். 1,50,000 டாலருக்கு ஏறத்தாழ 950. வேறுபாடு மாதம் 1,200, ஆண்டுக்கு 14,400 டாலர். இப்போது உங்களில் ஒருவர் ஒரு வழிக்கு 40 மைல் தள்ளி வேலைக்குப் போவதாக வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 240 நாள் என்றால் 19,200 மைல். கொலம்பஸில் ஒரு வழிக்கு 10 மைல் என்றால் 4,800 மைல்தான். கூடுதலாக ஓடுவது 14,400 மைல். 2025-ஆம் ஆண்டுக்கு வருமானவரித் துறை தொழில்சார்ந்த பயணத்துக்கு நிர்ணயித்துள்ள மைலுக்கு 70 சென்ட் என்ற விகிதத்தில் இது 10,080 டாலர். அந்த விகிதத்தில் காரின் தேய்மானமும் காப்பீடும் அடங்கும். எரிபொருள் போன்ற ஓட்டச் செலவை மட்டும் கொள்ளும் மருத்துவப் பயண விகிதமான 21 சென்ட்டை எடுத்தால் 3,024 டாலர்தான் வருகிறது. உண்மைச் செலவு இரண்டுக்கும் இடையில் இருக்கும். பழைய கார் வைத்திருப்பவருக்குக் கீழ் எல்லைக்கு அருகில், கடனில் புதிய கார் வாங்குபவருக்கு மேல் எல்லைக்கு அருகில். இருவரும் தொலைவுக்குப் போக நேர்ந்தால், மேல் எல்லைக் கணக்கில் வீட்டில் மிச்சமானது முழுவதும் சாலையில் கரைந்துவிடும்.

ஒன்று சாதகமானது. மத்திய வேளாண் துறையின் உத்தரவாதத்தோடு வங்கிகள் தரும் கிராமப்புற வீட்டுக் கடனுக்கு முன்பணம் தேவையில்லை. வட்டார இடைநிலை வருமானத்தில் 115 விழுக்காடு வரை உள்ள குடும்பங்கள் விண்ணப்பிக்கலாம், கிரீன் கார்டு உள்ளவர்களும் தகுதியுடையவர்களே. தொடக்கத்தில் 1 விழுக்காடு கட்டணமும், ஆண்டுதோறும் மீதக் கடனில் 0.35 விழுக்காடும் கட்ட வேண்டும். வருமானம் இன்னும் குறைந்தவர்களுக்கு அத்துறையே நேரடியாகத் தரும் கடனில், மானியத்தால் வட்டி 1 விழுக்காடு வரைகூட இறங்கும்.

மலைநாட்டு மருத்துவர் (பதில்):

நான் மதுரையில் படித்து, ஜே-1 விசாவில் இங்கே பயிற்சி முடித்தவன். பயிற்சிக்குப்பின் தாய்நாடு திரும்ப வேண்டும் என்ற விதியிலிருந்து விலக்குப் பெறுவதற்காக, மருத்துவர் பற்றாக்குறை உள்ள இடத்தில் 3 ஆண்டுகள் பணிபுரிய ஒப்புக்கொண்டு கிழக்குக் கென்டக்கியின் ஒரு கவுண்டிக்குச் சென்றேன். என்னைப் போல எத்தனையோ தமிழ் மருத்துவர்கள் அப்படிச் சிற்றூர்களுக்கு வந்து, பலர் அங்கேயே நிலைத்துவிட்டார்கள். எங்களைப் பார்த்து 'கிராமம் மலிவு' என்று யாரும் முடிவு செய்ய வேண்டாம் என்பதற்காகவே எழுதுகிறேன்.

எனக்கு அந்தக் கவுண்டி மலிவாக இருந்தது, ஏனென்றால் என் சம்பளம் அந்தக் கவுண்டியின் பொருளாதாரத்தால் நிர்ணயிக்கப்பட்டதன்று. என்னோடு அதே கட்டடத்தில் பணிபுரிந்த செவிலிய உதவியாளருக்கு அது மலிவாக இருக்கவில்லை. வீட்டு வாடகை குறைவுதான். ஆனால் கார், எரிவாயு, மின்சாரம், கைப்பேசி ஆகியவற்றின் விலை அவர் வருமானத்தைப் பார்த்துக் குறையவில்லை. மத்திய அரசின் குறைந்தபட்ச ஊதியம் 2009 முதல் மணிக்கு 7.25 டாலரிலேயே நிற்கிறது. கென்டக்கியில் இன்றும் அதுவே சட்டப்படியான அளவு. ஓஹாயோவில் 2025-இல் 10.70 டாலர் என்பது சற்று ஆறுதல். ஆயினும் ஆண்டு முழுவதும் முழுநேரம் உழைத்தாலும் 22,256 டாலர்தான். காரில் ஒரு பாகம் பழுதானால் நோயாளி மருத்துவரைப் பார்க்க வருவதில்லை. அடுத்த மாதம் நோய் முற்றிய நிலையில் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு வருகிறார். இதை நான் வாரந்தோறும் கண்டேன். வறுமையைக் கணக்கிடும் மத்திய அரசின் கோடு அலாஸ்காவும் ஹவாயும் நீங்கலான 48 மாநிலங்களுக்கும் ஒன்றே; அரசின் மற்றொரு கணக்கான துணை வறுமை அளவீடு வட்டார வாடகை வேறுபாட்டைச் சேர்த்துக்கொள்கிறது, அதனால் கிராமப்புற வறுமை அதில் குறைந்து தெரிகிறது. ஆனால் மருத்துவமனைக்கும் கடைக்கும் உள்ள தூரத்துக்காக அந்த அளவீட்டில் எந்தத் திருத்தமும் இல்லை. தூரம்தான் அங்கே ஏழைகளை வாட்டுகிறது.

சகோதரி, தங்கள் குடும்பம் வெளியிலிருந்து வருமானத்தைக் கொண்டுபோகும் குடும்பம். அது நீடிக்கும்வரை தாங்கள் என் நிலையில் இருப்பீர்கள். நின்றுவிட்டால் அந்தச் செவிலிய உதவியாளரின் நிலைக்கு வருவீர்கள். இரண்டாவது நிலையிலும் அந்த வீட்டில் வாழ முடியுமா என்று கணக்கிட்டுப் பாருங்கள்.

மிசௌரி விவசாயி (பதில்):

மேலே எழுதிய மூவரையும் மதிக்கிறேன். ஆனால் ஒரு பக்கம் விடுபட்டுள்ளது. கடன் சிறிதாக இருப்பதே ஒரு பாதுகாப்பு. மருத்துவர் ஐயா சொன்ன மோசமான நிலையையே எடுத்துக்கொள்வோம். கணவனும் மனைவியும் மணிக்கு 15 டாலர் வேலைக்குப் போனால் மாத வருமானம் 5,200 டாலர். தவணை 950, வரி, காப்பீடு ஆகியவற்றுக்கு 200 என்று வைத்தால் 1,150. இது 22 விழுக்காடு. கொலம்பஸ் வீட்டில் தவணை 2,150, மற்றவை 500 என்றால் 2,650. இது 51 விழுக்காடு. வேலை இழந்த குடும்பம் எந்த வீட்டைக் காப்பாற்றிக்கொள்ளும்? நகரத்தில் அடுத்த வேலை விரைவில் கிடைக்கலாம், ஆனால் பெரிய தவணை அதுவரை காத்திருக்காது. நாங்கள் சிறிய கடனோடு வந்ததால்தான் வேலையில்லாத காலத்தைத் தாண்டி இங்கே நிலைத்தோம். மனநிறைவோடு இருக்கிறோம்.

கணக்கர் (பதில்):

மிசௌரி நண்பர் சொன்னது வலுவான வாதம், ஏற்கிறேன். இரண்டு கார்களும் ஓடும் நிலையில் இருந்தால் அந்த 22 விழுக்காடு நிற்கும். ஆகவே வீட்டில் மிச்சமாகும் பணத்தில் முதல் ஓராண்டுத் தொகையைச் செலவிடாமல் கார் பழுதுக்கும் வேலையில்லாக் காலத்துக்கும் என்று ஒதுக்கிவைக்க முடிந்தால், என் தயக்கம் பெருமளவு குறையும்.

வைகைக்கரை (மறுமொழி):

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. கணவரின் மேலாளரிடம் எழுத்துப்பூர்வ உறுதி கேட்டிருக்கிறோம். என் வேலையைப் பொறுத்தவரை ஜாக்சனிலும் ஏதென்ஸிலும் உள்ள மருந்துக்கடைகளில் விசாரிக்கத் தொடங்கிவிட்டேன். உறுதி கிடைத்தால் வாங்குவது என்றே மனம் சாய்கிறது. அந்த வீட்டில் கிணற்று நீரும் கழிவுநீர்த் தொட்டியும்தான். ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் வேறு எவற்றைச் சரிபார்க்க வேண்டும்?

ஏதென்ஸ்வாசி (பதில்):

கிணற்று நீரைப் பரிசோதிப்பதற்கும் கழிவுநீர்த் தொட்டியின் அனுமதிப் பதிவுகளைக் கேட்பதற்கும் கவுண்டி சுகாதாரத் துறையை அணுகுங்கள். வீட்டைப் பார்வையிடும் பொதுவான ஆய்வாளர் இவற்றை முழுமையாகப் பார்ப்பதில்லை. தொட்டி பழுதானால் புதிதாக அமைக்கும் செலவு சில மாதத் தவணைகளோடு முடிகிற தொகையன்று. இது பழைய நிலக்கரிப் பகுதி என்பதால், நிலத்தடிக் கனிம உரிமை நிலத்தோடு வருகிறதா, முன்பே பிரித்து விற்கப்பட்டுவிட்டதா என்று பத்திரத்தில் பாருங்கள். பழைய சுரங்கத்தால் நிலம் அமிழ்ந்தால் ஈடுதரும் காப்பீடு விண்டன் உள்ளிட்ட 26 ஓஹாயோ கவுண்டிகளில் கட்டாயம். கட்டணம் ஆண்டுக்கு 1 டாலர்தான். வீட்டுக் காப்பீட்டின் விலையை மட்டும் முன்கூட்டியே எழுத்தில் வாங்கிவிடுங்கள். தீயணைப்பு நிலையம் 5 மைலுக்கு மேல் தள்ளியிருந்தால் கட்டணம் கணிசமாக உயரும், சில நிறுவனங்கள் காப்பீடு தரவே மறுக்கும்.

இணைய இணைப்பைப் பற்றி விற்பவர் சொல்வதை நம்ப வேண்டாம். அந்த முகவரியைக் கொடுத்து, இணைப்பு உண்டு என்று நிறுவனத்திடமிருந்தே எழுத்தில் பெறுங்கள். மலைக்கு ஒரு பக்கம் கம்பி வந்திருக்கும், மறுபக்கம் வந்திருக்காது. கணவரின் சம்பளம் முழுவதும் அந்த ஒரு கம்பியின் வழியாகத்தான் வீட்டுக்கு வரப்போகிறது.