நல்ல சுகமான பூனை, ஆனால் அடிக்கடி சத்தி: உங்கள் வீட்டில் என்ன நடந்தது?

உருத்திரபுரம்

எங்கள் வீட்டில் ஒரு கடுவன் பூனை. செம்மஞ்சள் நிறம், நாலு வயது. ஓடும், மரம் ஏறும், இரவில் வளவு முழுக்கச் சுற்றிவிட்டு விடியற்காலையில் வந்து என் கால்மாட்டில் படுக்கும். மயிர் பளபளவென்று இருக்கிறது, மெலியவும் இல்லை. ஒரே ஒரு குறைதான்: கிழமைக்கு இரண்டு மூன்று தரம் சத்தி எடுக்கிறது. எடுத்துவிட்டு ஒன்றும் நடக்காததுபோல் திரும்பவும் கோப்பையடிக்குப் போய் நிற்கிறது.

பூச்சிக் குளிசை கொடுத்தாயிற்று. பசுப்பாலையும் நிறுத்தினேன். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செமிக்காது என்று டொக்டர் ஒருவர் சொன்னார். கடையில் விற்கும் பக்கெற் சாப்பாட்டுக்கு மாற்றிப் பார்த்தேன், அதையும் கக்கியது. அம்மம்மாவிடம் சொன்னால், "பூனையெண்டால் சத்தி எடுக்கும்தானே, அதுக்கேன் டொக்டர்?" என்கிறா. எங்கள் பக்கத்தில் மாட்டுக்கு வருத்தம் என்றால் மருந்து கிடைக்கும். பூனையைத் தூக்கிக்கொண்டு போனால் சிரிப்பார்கள். இதே பாடு பட்டவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

மல்லாவி

தம்பி, எங்கள் பெட்டைப் பூனையும் இப்படித்தான் இருந்தது. அது சாப்பிடும் வேகத்தைப் பார்த்தால் அடுத்த வேளைக்கு உலகமே இராது என்பதுபோல இருக்கும். மெல்லாமல் விழுங்கிவிட்டு ஐந்து நிமிடத்தில் அப்படியே வெளியே. சோறு சோறாகவே கிடக்கும்.

நான் செய்தது ஒன்றுதான். ஆற்றில் பொறுக்கிய உருண்டைக் கல், பூனையின் வாய்க்குள் போகாத அளவில் பெரியது, அதைக் கழுவிக் கோப்பையின் நடுவில் வைத்தேன். கல்லைச் சுற்றிச் சுற்றித்தான் நக்க வேண்டும். ஒரு வேளைச் சாப்பாட்டை நாலாகப் பிரித்தும் கொடுத்தேன். இரண்டு கிழமையில் நின்றுவிட்டது. எல்லாப் பூனைக்கும் இது சரிவரும் என்று சொல்லவரவில்லை, காசு செலவில்லாத வேலை என்பதால் சொல்கிறேன்.

நெடுங்கேணி

உங்கள் அம்மம்மா சொல்வதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. பூனை தன் உடம்பை நக்கி நக்கி மயிரை விழுங்கும், பிறகு சுருட்டிக் கக்கும். சோளகக் காற்றுக் காலத்தில் எங்கள் பூனைகளுக்கு மயிர் கூடுதலாக உதிரும், சத்தியும் கூடும். பழைய சீப்பால் தினமும் வாரிவிட்டால் குறையும். வேலியோரத்து அறுகம்புல்லைக் கடித்துவிட்டுக் கக்குவதும் உண்டு. குப்பைமேனியைக் கண்டால் இன்னும் மோசம், வேரைத் தோண்டி உருண்டு புரளும். அதற்குப் பூனைவணங்கி என்று சும்மாவா பெயர் வைத்தார்கள்!

ஆனால் மயிர்ப் பந்து எப்போதாவது வருவது. கிழமைக்கு மூன்று தரம் என்றால் அதை மயிர்மேல் போடாதீர்கள்.

வவுனியா

நான் வீட்டில் தையல் தைக்கிறவள். இதைத் தையல் மெசின் உள்ள வீட்டார் கட்டாயம் வாசிக்க வேண்டும்.

என் குட்டி ஒரு நாள் தண்ணி குடித்தாலும் சத்தி எடுத்தது. அடுத்த நாள் ஒரு மூலையில் போய்ப் பதுங்கிவிட்டது. வாயைத் திறந்து பார்த்தால் நாக்கின் அடியில் சிவப்பு நூல் சுற்றிக் கிடக்கிறது. ஒரு முனை தெரிந்தது. இழுத்து எடுத்துவிடலாம் என்று கை வைத்தேன். பக்கத்து வீட்டு அக்காதான், "தொடாதையும், முதலில் கொண்டு ஓடும்" என்று பிடித்து நிறுத்தினா. அவ சொன்னது எவ்வளவு பெரிய விசயம் என்று டொக்டர் சொன்ன பிறகுதான் விளங்கியது. நூலின் மற்ற முனை குடலுக்குள் போயிருந்தது. இழுத்தால் குடல் சுருக்குப் பைபோலச் சுருங்கும், நூல் கத்திபோல அறுக்கும். வயிற்றை வெட்டித்தான் எடுத்தார்கள். பிழைத்தது. இப்போது ஆறு வயது, மெசின் அறைக்குள் விடுவதில்லை.

ஒட்டுசுட்டான்

பல்லி பிடிக்குமா உங்கள் பூனை? எங்கள் விறாந்தை லைற்றுக்குக் கீழே இரவு முழுக்கப் பல்லி வேட்டைதான், பகலில் அரணை. எங்களுக்கு அது பகிடியாக இருந்தது.

பிறகு சத்தி தொடங்கியது. முதலில் எப்போதாவது, பிறகு அடிக்கடி. சாப்பாடு குறைந்தது, உடம்பு மெலிந்தது. ஒரு நாள் காதின் உட்புறமும் முரசும் (பல் ஈறு) மஞ்சளாகத் தெரிந்தது. பல்லி, அரணை வழியாக உள்ளே போகும் ஒரு தட்டைப் புழு ஈரலின் பித்தக் குழாயில் குடியிருக்குமாம். நத்தையில் தொடங்கி, மரவட்டை மாதிரியான சிறு பூச்சிகளுக்குப் போய், அதைத் தின்னும் பல்லிக்குப் போய், பல்லியைத் தின்னும் பூனைக்கு வருகிறது. பிரசிகுவாண்டல்தான் மருந்து, ஆனால் வழக்கமான பூச்சிக் குளிசையில் இருக்கும் அளவு இதற்குக் காணாது, கூடிய அளவில் சில நாள் தொடர்ந்து கொடுக்க வேண்டும். அளவை டொக்டர்தான் நிறைபார்த்துச் சொல்ல வேண்டும். "பூச்சி மருந்து கொடுத்துவிட்டேன்" என்று நான் நிம்மதியாக இருந்த அந்த இரண்டு மாதத்தை நினைத்தால் இன்றைக்கும் என்மேல்தான் கோபம் வருகிறது.

பூநகரி

பனடோல் (பரசிற்றமோல்) கொடுத்துவிடாதீர்கள். அவ்வளவுதான் சொல்ல வந்தேன். சத்தியோடு உடம்பு சுட்டதென்று அப்பா அரைக் குளிசையைக் கரைத்துப் பருக்கினார், பிள்ளைக்குக் கொடுப்பதுபோல. பூனையின் ஈரலுக்கு அதை முறிக்கும் சக்தி இல்லை. 500 மில்லிகிராம் குளிசை ஒன்று ஒரு பூனையைக் கொல்லப் போதும். பின்னேரம் முரசு சொக்லட் நிறமாகி, முகம் வீங்கி, இரவு முடிந்துபோனது. அப்பா அதன்பிறகு பூனை வளர்க்கவே விடவில்லை.

முள்ளியவளை

நான் ஒரு கால்நடை வைத்திய அலுவலகத்தில் உதவியாளராகப் பல வருசம் வேலை செய்தவன். எங்களிடம் வருவது மாடு, ஆடு, கோழி. பூனை மாதத்துக்கு ஒன்றோ இரண்டோ. ஆனாலும் கொண்டுவந்தால் டொக்டர் திருப்பி அனுப்ப மாட்டார், சிரிப்பார்களோ என்று வெட்கப்படத் தேவையில்லை தம்பி.

டொக்டர் முதலில் கேட்பது, அது சத்தியா எதுக்களிப்பா என்று. பெரும்பாலான ஆட்களுக்கு இரண்டும் ஒன்றுதான், ஆனால் வைத்தியத்துக்கு வேறு வேறு. வயிறு குலுங்கி, உடம்பை வளைத்து, ஒரு சத்தத்தோடு வந்தால் சத்தி. மஞ்சள் தண்ணியோ செமித்த கூழோ வரும். தலையைக் குனிந்ததும் சிரமமில்லாமல், தின்றது தின்றபடி, சில நேரம் குழல்போல உருண்டு வந்தால் எதுக்களிப்பு. சாப்பிட்ட கையோடு எதுக்களித்தால் வேகத்தை முதலில் சந்தேகிக்கலாம், இருந்தாலும் தொண்டைக் குழாய் வருத்தங்களும் இப்படித்தான் காட்டும். மல்லாவி அக்காவின் கல் இந்த வகைக்குத்தான் வேலை செய்யும். அது வருசக் கணக்கில் மெலியும் பூனைக்கு வேலை செய்யாது.

இரண்டாவது, நாள் குறித்து வைத்திருக்கிறீர்களா என்று கேட்பார். ஒருவரும் குறித்திருக்க மாட்டார்கள். "அடிக்கடி" என்பார்கள். அடிக்கடி என்றால் எத்தனை? தின்று எத்தனை நிமிடம்? என்ன தின்றது? கைபேசியில் ஒரு படமாவது எடுத்தீர்களா? கக்கியதைக் காட்டக் கூச்சப்படுவார்கள், ஆனால் அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

பொறுத்துப் பார்க்கக் கூடாத நேரமும் உண்டு. ஒரே நாளில் திரும்பத் திரும்ப எடுத்தால், தண்ணிகூட நிற்காவிட்டால், இரத்தமோ கோப்பித் தூள்போலவோ வந்தால், சுருண்டு படுத்தால், கடுவன் மூத்திரம் போக முக்கிக்கொண்டு நின்றால் அன்றைக்கே கொண்டுபோக வேண்டும். கடைசியாகச் சொன்னதைப் பலர் மலச்சிக்கல் என்று நினைத்துத் தேங்காய் எண்ணெய் பருக்குவார்கள். மூத்திரம் அடைத்துவிட்டால் இரண்டு மூன்று நாளில் சாவுதான்.

வயிற்றை ஆற விடுகிறேன் என்று நாட்கணக்கில் பட்டினி போடுவதும் பிழை. நாய் தாங்கும், பூனை தாங்காது. கொழுத்த பூனை இரண்டு மூன்று நாள் ஒன்றும் தின்னாமல் கிடந்தால் உடம்புக் கொழுப்பு ஈரலில் போய்ச் சேர்ந்து அதுவே தனி வருத்தமாகிவிடும்.

உருத்திரபுரம்

ஐயா, நீங்கள் சொன்னபடி கலண்டரில் குறித்தேன். சுவரில் தொங்கும் கலண்டர்தான், கக்கிய நாளுக்கு ஒரு வட்டம். ஐந்து கிழமை ஆகிவிட்டது.

நேற்று இரவு அதைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். ஐந்து வெள்ளிக்கிழமையிலும் வட்டம் இல்லை. ஒன்றில்கூட இல்லை. முதலில் ஏதோ தற்செயல் என்றுதான் நினைத்தேன். பிறகுதான் பொறி தட்டியது. எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை மச்சம் இல்லை!

மற்ற நாட்களில் மீன்காரர் காலை ஒன்பதரைக்கு மோட்டார் சைக்கிளில் ஹோன் அடித்துக்கொண்டு வருவார். அந்தச் சத்தம் கேட்டால் எங்கள் கடுவன் எங்கிருந்தாலும் படலையடிக்கு ஓடி வரும். பக்கத்து வளவுப் பூனைகள் இரண்டும் வரும். அம்மம்மா மீன் வெட்டும்போது தலை, குடல், செட்டை எல்லாம் பச்சையாக எறிவா. மூன்று பூனையும் ஒரே நேரத்தில் பாயும். மற்றதுகள் பறித்துவிடும் என்று எங்களுடையது முள்ளோடு விழுங்கும். சனிக்கிழமை ஒளித்திருந்து பார்த்தேன். ஏழு நிமிடம். மாமரத்துக்குக் கீழே போய்த் தலையைக் குனிந்தது, நெத்தலித் தலை நெத்தலித் தலையாகவே வந்தது.

நான் பாலை நிறுத்தி, பக்கெற் மாற்றி, அந்தப் பக்கெற்றுக்கு மாதம் எவ்வளவு காசு கொடுத்தேன் என்று சொன்னால் வெட்கம். இந்த மீன் விசயம் எனக்குத் தெரியவே தெரியாது, அந்த நேரம் நான் வேலையில்.

அம்மம்மாவைக் கேட்டேன். "அது நான் குடுக்கிற சாப்பாடில்லை, மீன் கழுவேக்க அது எடுக்கிறது" என்று சொல்லிவிட்டா. அதுமட்டுமில்லை, மத்தியானம் மிஞ்சிய சொதியையும் சோற்றில் விட்டுப் பிசைந்து வைக்கிறாவாம். சொதியில் வெங்காயம்.

முள்ளியவளை

சொதியை இன்றைக்கே நிறுத்துங்கள். வெங்காயமும் உள்ளியும் பூனையின் இரத்தத்தை உடைக்கும், அவித்தாலும் விசம் போகாது. பச்சை மீனும் தினம் வேண்டாம். சில மீன்களில் பி1 உயிர்ச்சத்தை அழிக்கும் ஒரு நொதி இருக்கிறது, சமைத்தால் அது அழிந்துவிடும். முள் நீக்கி, உப்பும் தூளும் போடாமல் அவித்துக் கொடுங்கள்.

குருமன்காடு

எல்லாருக்கும் காரணம் மீன் வெட்டும் இடத்தில் கிடைக்காது என்பதற்காக எங்கள் கதையையும் எழுதுகிறேன். எங்கள் பூனைக்குப் பதின்மூன்று வயது. சத்தியோடு கிண்ணம் கிண்ணமாகத் தண்ணி குடிக்கத் தொடங்கியது. ஏ9 வீதியால் யாழ்ப்பாணம் கொண்டுபோய் இரத்தம் சோதித்தபோது சிறுநீரகம் பழுதாகி இருந்தது. இங்கே மனிதருக்கே சிறுநீரக நோய் பெரிய கதை என்பதால் ஊரில் எல்லாரும் கிணற்றுத் தண்ணியைத்தான் குற்றம் சொன்னார்கள். டொக்டர் அப்படிச் சொல்லவில்லை, வயதான பூனைகளில் இது எங்கேயும் சாதாரணம் என்றார். நன்றாகத் தின்றும் மெலிந்தால் தைரொயிட்டையும் பார்க்க வேண்டுமாம். பத்து வயது தாண்டிய பூனை புதிதாகச் சத்தி தொடங்கினால் கல்லும் சீப்பும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், நேரே இரத்தச் சோதனை.

முத்தையன்கட்டு

வயலுக்கு மருந்தடிக்கும் நாட்களில் பூனையைக் கட்டி வையுங்கள். மயிரில் பட்டதை நக்கினால் வாயூறும், சத்தி வரும், நடுங்கும். எங்களுடையது அப்படி வந்தபோது உடனே கழுவிக்கொண்டு ஓட்டோவில் ஓடினோம். போத்தலையும் கையில் கொண்டுபோனது நல்லதாகப் போயிற்று, டொக்டர் முதலில் கேட்டது அதைத்தான்.

உருத்திரபுரம்

ஆறு கிழமைக்குப் பிறகு எழுதுகிறேன். மீன் வெட்டும் நேரம் கடுவனை அறைக்குள் விட்டுப் பூட்டுகிறோம். உள்ளே கிடந்து ஊரைக் கூட்டுகிறது. அவித்த மீனைக் கல் வைத்த கோப்பையில் மூன்று தரமாகப் போடுகிறேன். கலண்டரில் ஆறு கிழமைக்கும் இரண்டு வட்டம். ஒன்று மயிர்ப் பந்து. மற்றது எதற்கென்று விளங்கவில்லை, மஞ்சள் தண்ணியாகத்தான் இருந்தது. டொக்டரிடம் காட்டினேன், ஒருவரும் சிரிக்கவில்லை. நிறை பார்த்து எழுதித் தந்தார், 4.2 கிலோ. அடுத்த மாதமும் நிறுத்துப் பார்க்கச் சொன்னார், குறைந்திருந்தால் இரத்தம் எடுப்பாராம்.

அம்மம்மா இப்போது வெங்காயம் போடாமல் தனியாக ஒரு சின்னச் சட்டியில் பூனைக்கென்று சொதி வைக்கிறா. எனக்கு அப்படி ஒரு நாளும் தனிச் சட்டி வைத்ததில்லை.