1/16 அளவு ரிமோட் டாங்கி: எந்த வகை வாங்கலாம்?

கேள்வி (காட்பாடி):
வணக்கம். பல ஆண்டுகளாகத் தாமியா என்ற ஜப்பானிய நிறுவனத்தின் 1/35 அளவு (உண்மையான டாங்கியின் நீளத்தில் 35-இல் ஒரு பங்கு) மாதிரி டாங்கிகளை ஒட்டி, வண்ணம் பூசி அலமாரியில் அடுக்கி வந்த நான், இப்போது ரிமோட்டில் ஓடும் ஹெங் லாங் என்ற சீன நிறுவனத்தின் 1/16 அளவு டைகர் (இரண்டாம் உலகப்போர்க் கால ஜெர்மன் டாங்கி) ஒன்றை வாங்க விரும்புகிறேன். பிளாஸ்டிக் சங்கிலிப்பட்டை, உலோகச் சங்கிலிப்பட்டை இரண்டிலும் கிடைக்கிறது. பாலாற்று மணலில் ஓட்ட எது ஏற்றது?

மறுமொழி (சத்துவாச்சாரி):
பட்டையைவிடக் கியர்பெட்டியை முதலில் பாருங்கள், ஐயா. உலோகப் பட்டை எடை கூடியது. உள்ளே பிளாஸ்டிக் பற்சக்கரம் இருந்தால் அந்தப் பாரத்தைத் தாங்காது. இணையத்தில் ஒரு விற்பனையாளர் உலோகக் கியர் என்று எழுதியிருந்ததை நம்பி வாங்கினேன். பத்தே நாளில் ‘கரகர’ என்ற ஓசையோடு வண்டி ஒரே பக்கமாகச் சுற்ற, திறந்து பார்த்தால் வெள்ளை நைலான் சக்கரம், பாதிப் பற்களைக் காணோம்! ஆற்று மணலை மறந்துவிடுங்கள். கிரீசில் ஒட்டிக்கொண்டு அது அரத்தைப்போல் அராவும். காய்ந்த, கெட்டியான செம்மண் தரையே போதும்.

மறுமொழி (இராணிப்பேட்டை):
அலமாரியையும் அளந்துகொள்ளுங்கள். பீரங்கிக் குழலோடு ஏறத்தாழ 8.45 மீட்டர் நீளமுள்ள உண்மையான டைகர், 1/35 அளவில் 24 சென்டிமீட்டர்தான்; 1/16 அளவிலோ 53 சென்டிமீட்டர் வரும். 6 மி.மீ. பிளாஸ்டிக் குண்டு சுடும் வகையானால் குழந்தைகள் இருக்கும் வீட்டில் கவனம் தேவை. நம் ஊர்ச் சித்திரை வெயிலில், பூட்டிய காருக்குள் லித்தியம் பேட்டரியை விட்டுவைக்காதீர்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. கியர்பெட்டியின் படத்தை அனுப்பும்படி விற்பனையாளரிடம் கேட்டிருக்கிறேன்; வந்ததும் இங்கே இடுகிறேன்.